உத்திரம் ஒன்றே

வேதபகுதி: எபேசியர் 2:14–22



சிதம்பரத்தைச் சுற்றிலும் நெல் விளையும் சிற்றூர்களில், புவனகிரிப் பக்கத்திலும் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலும், பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தெருவை நோக்கிய திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம்.

அத்தாழ்வாரத்தின் கூரையைத் தாங்குவது சுவரன்று, தச்சரின் கைவேலையே. தரையின் ஈரமும் கறையானும் எளிதில் ஏறாதபடி தூணைக் கல்லின்மேல் நிறுத்தினார்கள். தூண்களின்மேல் உத்திரம், அதன்மேல் வைரம் பாய்ந்த பனங்கைகள், அவற்றின்மேல் வரிச்சும் நாட்டு ஓடும். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றதன் துளைக்குள் இறக்கி, பிணைத்து வைத்தார்கள்.

1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயருடைய நாட்டிலும் பழைய பண்ணை வீடுகள் பல இந்த அறிவினால் எழுந்தவையே. அங்கே ஓக் மரச் சட்டமே வீடு. சட்டங்களின் இடைவெளியைக் குச்சிப் பின்னலாலும் களிமண்ணாலும் அடைத்தார்கள். பச்சை மரத்தையே செதுக்கிச் சேர்த்ததால், மரம் உலர உலர இணைப்பு இறுகிற்று. எந்த மரம் எதனோடு சேரும் என்று தச்சர் கீறிய குறிகளைச் சில வீடுகளில் இன்றும் காணலாம். சுவர் பெயர்ந்தால் மறுபடியும் பூசிக்கொள்ளலாம்; சட்டம் போனால் வீடே போயிற்று.

நம் பகுதியில் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது வேறொரு காட்சியும் கண்ணில் படுகிறது. பாகப்பிரிவினைக்குப் பின் முற்றத்தின் குறுக்கே எழும்பிய செங்கல் சுவர். இரண்டு வாசல், இரண்டு அடுப்பு. ஒரு பாகத்தில் பெரியவர் நோயுற்றுக் கிடப்பதை, மறு பாகத்தார் அயலார் சொல்லித்தான் அறிகிறார்கள்.

ஆனால் தலையை உயர்த்திப் பாருங்கள். சுவருக்கு இப்புறமும் அப்புறமும் ஓடுவது ஒரே உத்திரம். பத்திரத்தில் அதைப் பாதியாக எழுதலாம். வாள் வைத்து அறுத்தாலோ இருபுறக் கூரையும் இறங்கிவிடும். அண்ணன் பக்கத்து ஓடு உடைந்து மழைநீர் ஒழுகினால், உளுத்துப்போவது தம்பியின் உத்திரமுந்தான்.

பாகம் பிரிப்பது பாவமன்று. ஆபிரகாமும் லோத்தும் பிரிந்தே வாழ்ந்தார்கள். எனினும் லோத்து சிறைப்பட்டான் என்று கேட்டவுடன் ஆபிரகாம் எழுந்து போனான். நிலம் பிரிந்தது; உத்திரம் அறுபடவில்லை.

பவுல் எழுதும் வரிசையைக் கவனியுங்கள். முதலில், பகையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறார். அதன் பிறகே, மூலைக்கல்லாகிய அவர்மேல் நாம் ஒருவரோடொருவர் இணைந்து தேவன் தங்கும் வீடாக வளர்வதைச் சொல்லுகிறார். சுவரை அப்படியே வைத்துக்கொண்டு இணைப்பைக் கேட்க இயலாது.

அந்த இணைப்பைச் செய்கிறவர் நாசரேத்தில் தச்சராக உழைத்தவர். மரங்கள் எவ்வாறு சேரும் என்பதை அவர் அறிவார். ஒன்று முனை குறையவேண்டும். மற்றொன்று தன்னில் இடம் தரவேண்டும். உளிக்கு உடன்படாத மரம் எவ்வளவு உயர்ந்த சாதி மரமானாலும் எதனோடும் சேராது.

பிரியமானவர்களே, சொத்தாலும் சாதியாலும் சபைத் தேர்தலாலும் நம்மிடையே எழும்பிய சுவர்கள் எத்தனை! ஒரே அப்பத்தில் பங்குபெற்று, ஆலய வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோமே. வழக்கு முடியட்டும், அவர் முதலில் பேசட்டும் என்று காத்திராதிருங்கள். இந்த வாரத்தில் அந்த அடுத்த வாசலுக்குச் சென்று, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுவரில் முதல் செங்கல் அங்கே பெயரும்.

ஜெபம்: எங்களை இணைக்கும் ஆண்டவரே, உமது உளிக்கு எங்களை ஒப்புக்கொடுக்கிறோம். எங்கள் வீடுகளிலும் சபையிலும் உள்ள நடுச்சுவர்களைத் தகர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.