அம்பாசடரும் என் இடது காலும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆகிறது. வங்கிக்காரனுக்கு மாற்றல் ஒன்றும் புதுசில்லை. ஆனால் வந்த ஆறாம் மாதமே ஒரு பழைய அம்பாசடரை வாங்கிக் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்துவேன் என்று நானே நினைக்கவில்லை. 'மேனேஜருக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று ஆபீசில் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். வீட்டில் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். அப்பா கோவில்பட்டியில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். இருபத்தெட்டு வருஷம் அம்பாசடர்தான் ஓட்டினார். ஒருநாளும் அது எங்கள் வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கழுவும்போது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான். அந்த வண்டி பிறந்த உத்தர்பாரா இங்கே ஆற்றின் அந்தக் கரையில், ஹவுராவுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. 2014-ல் தயாரிப்பை நிறுத்தியாகிவிட்டது. அதற்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்று வாங்காமல் ஊர் திரும்பினால் மனசு கேட்காது என்று எனக்கு நானே ஒரு சாங்ஷன் நோட் எழுதிக்கொண்டேன்.

வாங்கியது 1998 மாடல், 1800 ஐஎஸ்இசட். பழைய 1489 சிசி இன்ஜினுக்குப் பதிலாக ஜப்பான் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், 75 குதிரைத்திறன். இன்றைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் உருவத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களை சிக்னலில் வைத்து ஆச்சரியப்படுத்தப் போதும். முன்னால் இன்ஜின்தான் மாறியது. பின்னால் இருப்பது 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து யோசனை: ஒரே நீள ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் செய்ததெல்லாம் இதுதான். கார்புரேட்டரை சர்வீஸ் செய்தேன். புது கிளட்ச் போட்டேன். பழைய ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு அகலமான ரேடியல் டயர் மாட்டினேன். அப்புறம் பச்சை விளக்கு விழுந்ததும் இன்ஜினை உறும விட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டுக் கிளம்புவது. நாற்பத்தஞ்சு வயசில் இது தேவையா என்று கேட்காதீர்கள். என் வீட்டில் கேட்டாயிற்று.

அப்படிக் கிளம்பும்போது பின்னால் தடதடவென்று ஒரு சத்தம் வரும். சீட்டே குலுங்கும். ஒரு வினாடிதான், அப்புறம் வண்டி பாய்ந்துவிடும். பவர் ஜாஸ்தி, அதான் என்று பெருமையாக இருந்தது.

நாலாம் மாதம் டிஃப்ரன்ஷியலில் இருந்து ஊ... என்று ஊளைச் சத்தம். ஒரு சனிக்கிழமை காலை டமார் என்று உடைந்தது. திறந்து பார்த்தால் கிரவுன் வீலில் மூணு பல் இல்லை.

சரி, இதை நல்ல கெட்டியாகச் செய்துவிட வேண்டும் என்று இறங்கினேன். மல்லிக் பஜாரில் ரெண்டு சனிக்கிழமை அலைந்தேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தொழிற்சாலையில் ரெண்டையும் ஒன்றாக உரசி, ஒரே நம்பர் பொறித்திருப்பார்கள். ஒன்றை இங்கேயும் மற்றதை அங்கேயும் வாங்கினால் ஜென்மத்துக்கும் சேராது. ஜோடி கிடைத்தது. புது பேரிங், புது கிரவுன் போல்ட், பல்லுக்குப் பல் இடைவெளி சரியாக வர ஷிம். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, சாயம் பல்லின் நடுவில் அழிகிறதா என்று சரிபார்த்தோம். ஹைப்பாய்டு பல்லுக்கு என்றே இருக்கிற ஜிஎல்-5 ரக 90 நம்பர் ஆயில். எல்லாம் சேர்த்து இருபத்திரெண்டாயிரம் ஆனது. இனிமேல் இரும்பு மாதிரி நிற்கும் என்று வீட்டில் சொன்னேன்.

ஒன்பது வாரம் நின்றது.

ஜூலை மாதம், நல்ல மழை. ஹவுரா பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நாங்கள் மூணு பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். வித்யாசாகர் சேது ஏற்றத்தில் நெரிசல். நின்று நின்று நகர்கிறது. முன்னால் கொஞ்சம் இடம் கிடைத்ததும் வழக்கம் போலக் கிளட்சை விட்டேன். தடதட... ணங்! இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அது மட்டுமில்லை, பின்னால் போகிறது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த பிரேக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸின் முகப்பு மட்டும்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் என் பொண்ணின் தலை.

ஆக்சில் சாஃப்ட் முறிந்திருந்தது. கிரேன் வரும்வரை ஒரு மணி நேரம் பாலத்து ஓரத்தில் நனைந்தோம். வீட்டம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே இந்த வண்டில நானும் ஏற மாட்டேன், இவளையும் ஏத்த மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். வழக்கமாக வண்டியைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவோம். கிரவுன் போனது, அதை மாற்றியது, இப்போது சாஃப்ட் போனது எல்லாம் சொன்னேன். பாலத்தை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"ஏலே, கெளம்பும்போது பொறத்தால குதிக்குதா?"

"ஆமாப்பா. தடதடன்னு..."

"அப்போ ஒடஞ்சதப் பாத்து என்னத்துக்குல? ஒடைக்கறதப் பாரு."

மறுநாள் வண்டியை ஒரு வயசான மிஸ்திரியிடம் கொண்டுபோனேன். எல்லோரும் அவரை தாதா என்கிறார்கள். (நம்ம ஊர் தாதா இல்லை, இங்கே அண்ணனுக்கு அப்படித்தான்.) அவர் முறிந்த சாஃப்ட்டைப் பார்க்கவே இல்லை. முறியாத அந்தப் பக்கத்து சாஃப்ட்டை உருவி என் கையில் கொடுத்தார். முனையில் இருக்கிற நீளக் கோடுகள் நேராக இருக்க வேண்டும். கயிறு மாதிரி லேசாக முறுக்கியிருந்தன. "இதுவும் ரெடியாத்தான் இருந்தது, மேனேஜர் பாபு" என்றார்.

அப்புறம் சாக்பீஸ் எடுத்துத் தரையில் படம் போட்டு விளக்கினார். எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். பி.காம். மூளை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் ஆக்சில் கூடு எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதன் மூக்கு, அதாவது பினியன் இருக்கிற பக்கம், மேலே தூக்கும். அதைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்வது பட்டை ஸ்பிரிங்தான். எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் போடலாம். இன்ஜின் முறுக்கு 13 கிலோ-மீட்டர், முதல் கியர் மூணரை மடங்கு, டிஃப்ரன்ஷியல் நாலு மடங்கு என்று வைத்துக்கொண்டால் பெருக்கி வருவது 182. ஒரு மீட்டர் கம்பியின் முனையில் 182 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. கிளட்சைப் பட்டென்று விட்டால், வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃப்ளைவீலின் அடியும் இதோடு சேரும்.

இதைத் தாங்க முடியாமல் பட்டை வளைந்து நெளியும். ஒரு கட்டத்தில் டயர் ரோட்டுப் பிடியை விடும். விட்டதும் பட்டை விறைத்து நிமிரும், மூக்கு கீழே வந்து விழும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். ஒரு வினாடிக்குள் இது பல தடவை. அதுதான் அந்தத் தடதட. டயர் ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் பினியன் பல்லிலும் சாஃப்ட்டிலும் சம்மட்டி அடி. நான் போட்ட அகல டயர் பிடியை லேசில் விடாது. அதனால் பட்டை இன்னும் அதிகமாக முறுக்கிக்கொண்டு, இன்னும் பலமாக அடித்திருக்கிறது. ஒல்லி டயர் வெறுமனே வழுக்கிவிட்டுப் போயிருக்கும்.

அடி அப்படியே இருக்கும்போது, இருப்பதிலேயே பலவீனமானது உடையும். கிரவுனைக் கெட்டியாக்கினேன், அடி சாஃப்ட்டுக்குப் போனது. சாஃப்ட்டைக் கெட்டியாக்கியிருந்தால் கிராஸ் ஜாயிண்ட்டுக்குப் போயிருக்கும்.

இதைக் கேட்டதும் சுருக்கென்றது. லோன் கட்ட முடியாமல் தவிக்கிறவருக்குக் கடை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல், லிமிட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டு 'கணக்கைச் சரிபண்ணியாச்சு' என்று நானும் எழுதியிருக்கிறேன். ரெண்டு குவார்ட்டர் நிற்கும். அப்புறம் முன்னைவிடப் பெரிதாக விழும்.

தாதா பின்பக்கத்தைக் கழற்றியபோது வந்த பட்டியல்:

பட்டையின் முன்முனை ரப்பர் புஷ் ரெண்டும் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருந்தது. இடது பக்கம் ரெண்டாவது பட்டை உடைந்து, உடைந்தபடியே கிடந்தது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் ஒன்று காணவில்லை. ஷாக் அப்சார்பரைக் கையால் இழுத்தால் சைக்கிள் பம்பு மாதிரி வருகிறது. யூ போல்ட் நட்டு கையாலேயே திரும்பியது.

புஷ், ஷாக் அப்சார்பர், யூ போல்ட் எல்லாம் புதுசு. பட்டைகளைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, வளைவு கொடுத்து, முன்பாதியில் கிளிப்பை இறுக்கமாகப் போட்டார். சாஃப்ட் ரெண்டையும் மாற்றினோம். கடைசியாகப் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு இரும்புப் பட்டி. ஆக்சிலுக்கு அடியில் பொருத்தி முன்னோக்கி நீட்டி, நுனியில் ஒரு ரப்பர் கட்டை. ஆக்சில் மூக்கு தூக்கப் பார்த்தால் அந்த ரப்பர் போய்ப் பட்டையின் முன்முனையில் முட்டி நிறுத்திவிடும். "சேசிஸோட வெல்டிங் பண்ணிட்டா இன்னும் கெட்டியா இருக்குமே" என்றேன். சிரித்தார். ஆக்சில் மேலும் கீழும் போகணுமே, கட்டிப்போட்டால் அது வேறு எதையாவது உடைக்கும் என்றார். ஆக மொத்தம் பதினாறாயிரம். முதலிலேயே செய்திருந்தால் அந்த இருபத்திரெண்டாயிரத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.

பூஜை லீவுக்கு அப்பா வந்தார். எழுபத்தெட்டு வயசு, லைசென்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்குள் மட்டும் ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். அவருக்குச் சொந்தமான வண்டியில் ஸ்டீரிங் பக்கம் உட்காருவது அதுதான் முதல் தடவை. அதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் ரூம் பக்கத்து மேட்டில் நிறுத்திவிட்டுக் கிளம்பினார். ஒரு அதிர்வு இல்லை. வண்டி எப்போது நகர ஆரம்பித்தது என்றே தெரியவில்லை.

"இப்ப நீ எடு" என்றார். எடுத்தேன். பட்டியெல்லாம் போட்டும் லேசாக ஒரு துள்ளல்.

"கிளட்ச விடாதல. குடு. கடன்காரனுக்குக் குடுக்க மாதிரி பாத்துப் பாத்துக் குடு."

பதினாறு தடவை அந்த மேட்டில் கிளம்ப வைத்தார். வீட்டம்மா பால்கனியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலத்தில் நடந்ததை அவள் ஏற்கெனவே மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சாயங்காலம் அப்பாவுக்குக் காபிப் பொடி வாங்க லேக் மார்க்கெட் போக வேண்டியிருந்தது. பொண்ணு முதலில் ஏறினாள். அவள் ஒன்றும் பேசாமல் வந்து பின்சீட்டில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிஸ்கி: யூ போல்ட் புதுசாகப் போட்டால் ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி ஒரு தடவை இறுக்க வேண்டுமாம். பட்டைகள் அமுங்கி உட்கார்ந்து நட்டு தளர்ந்துவிடும். எனக்கு நானூற்று எண்பது ஆகிவிட்டது. வரும் சனிக்கிழமை அந்த வேலைதான்.