ஆட்டக்களத்து ஆசான்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். கோல் அடித்தவரைக் கூட்டம் தோளில் தூக்கிக் கொண்டாடும்; அவர் பெயர் மறுநாள் செய்தித்தாளில் இடம்பெறும். ஆனால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் முழுவதையும் கண்களால் ஆடும் ஒருவர் உண்டு. ஆட்டம் தொடங்கியபின் அவரால் பந்தைத் தொட இயலாது. தாம் கற்பித்தது பிறர் கால்களில் உயிர்பெறுகிறதா என்று பார்த்திருப்பதே அவர் பணி. ஆசிரியரின் நிலையும் அத்தகையதே. மாணவருக்காக அவர் தேர்வு எழுத முடியாது. இவ்விரு பணிகளையும் ஒருசேர அறிந்தவர், இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்றுநராகிய சையது அப்துல் ரகீம்.

1909இல் பிறந்த ரகீம், உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் விளங்கினார். அவரிடம் பயிற்சி பெற்ற ஐதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்சு கோப்பையை வென்றது.

கால்பந்தின் தொடக்கக் காலத்தில், பந்து கிடைத்தவர் தாமே அதை உருட்டிக்கொண்டு ஓடுவதே வழக்கமாக இருந்தது. பந்தைத் தோழருக்குத் தட்டிக்கொடுத்துக் கூட்டாக முன்னேறும் முறையைச் சிறப்பாக வளர்த்தவர்கள் ஸ்காட்லாந்து நாட்டவர். 1872இல் கிளாஸ்கோ நகரில் இங்கிலாந்தோடு நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியை அவர்கள் கோலின்றிச் சமநிலையில் முடித்தனர். 'தனியொருவரின் திறமையினும் பகிர்ந்தாடும் திறமையே பெரிது' என்னும் அப்பாடத்தை ரகீம் தம் மாணவர் உள்ளத்தில் ஆழப் பதித்தார். பந்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு அனுப்பப் பழக்கினார். வலக்காலை மட்டுமே நம்பியவர்களுக்கு இடக்காலால் மட்டும் ஆடும் போட்டிகளை நடத்தினார். வலிமையைப் பாராட்டுவது எளிது. வலிமையற்ற காலுக்கும் வேலை கொடுப்பதே கற்பித்தல் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மறு ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. அன்று நம் வீரர் பலர் காலணியின்றி ஆடினர். வேறொருவராயின் அத்தோல்வியை மறக்கவே விரும்பியிருப்பார். ரகீமோ அதைப் பாடநூலாக விரித்துப் படித்தார். காலணி அணிந்தாடும் பழக்கம் இந்திய அணியில் வேரூன்றியது. 1953இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என வீழ்த்திய அங்கேரி அணியின் ஆட்டமுறையையும் அவர் கூர்ந்து கற்றார். கற்றதன் பயன் 1956இல் தெரிந்தது. மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடிக்க, இந்தியா ஆத்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. நிறைவில் நான்காம் இடம் பெற்றது. எல்சிங்கிக்கும் மெல்பர்னுக்கும் இடைப்பட்டவை நான்கே ஆண்டுகள்.

1962இல் சகார்த்தா ஆசியப் போட்டிக்கு அணியோடு சென்றபோது, புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் சர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டது. தையலிட்ட தலையோடு அவரைப் பின்களத்தில் நிறுத்துவது கடினம். விட்டுவிட்டால் அணி வலுவிழக்கும். ரகீம் அவரை முன்களத்திற்கு மாற்றினார். தடுக்கப் பழகியவர் அரையிறுதியில் கோல் அடித்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்றது முன்னர் வென்ற அதே தென்கொரியா. போட்டியை நடத்திய நாட்டோடு ஏற்பட்டிருந்த பிணக்கினால் அரங்கில் கூடியிருந்த பெருங்கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகவே முழங்கியது. நாளைய தங்கத்தைத் தமக்குப் பரிசாகத் தருமாறு முதல்நாள் ரகீம் தம் வீரர்களிடம் கேட்டுக்கொண்டார் என்பர். உடல்நலம் தேறிய பீட்டர் தங்கராசு கோல்கம்பத்தைக் காத்தார். பி.கே. பானர்சியும் சர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். 2-1 என வென்ற வீரர்கள், ஆசான் கேட்ட பரிசை அளித்தனர். அடுத்த ஆண்டு, 1963 சூன் 11இல், தம் 53ஆம் வயதில் ரகீம் மறைந்தார். சிறந்த பயிற்றுநர்களுக்கு நம் நாடு வழங்கும் துரோணாசாரியார் விருது அவர் வாழ்ந்த காலத்தில் இல்லை; 1985இல்தான் அது ஏற்படுத்தப்பட்டது.

அவருக்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கத்தை இந்தியா இன்றுவரை பெறவில்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக் கால்பந்திலும் நம் அணி ஆடவில்லை. ஒரு மனிதரின் மறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று. பிறநாடுகள் பயிற்சியிலும் வசதியிலும் விரைந்து முன்னேறின. ஆயினும், ரகீம் கற்பித்த முறைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏனாத்தூரிலோ வேறெந்தச் சிற்றூரிலோ, அறுவடை முடிந்த வயலில் பந்து உதைக்கும் மாணவரும் அதைப் பின்பற்றலாம். தோழருக்குப் பந்தைக் கொடுக்கலாம். தோற்ற ஆட்டத்தை மறுநாள் அமர்ந்து ஆராயலாம். வலக்காலுக்கு ஓய்வு தந்து, தயங்கும் இடக்காலால் ஒருமணி நேரம் பழகலாம். ஐதராபாத்தின் புழுதித் திடல்களில் அந்த ஆசிரியர் தொடங்கியதும் இவ்வாறுதான்.