பாட்டியின் கேசட்டும் 48.2 ஹெர்ட்ஸும்

ஸ்பைஸ் என்று சொன்னால் எங்க ரூமில் பாதிப் பேருக்கு பிரியாணி மசாலாதான் ஞாபகம் வரும். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற மீதிப் பேருக்கு அது ஒரு மென்பொருள். 1973-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த லாரன்ஸ் நேகல் எழுதியது. சர்க்யூட்டைக் கட்டுவதற்கு முன்னாலேயே, எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைதான் எல்டிஸ்பைஸ். லீனியர் டெக்னாலஜி இலவசமாகக் கொடுத்தது. 2017-ல் அந்தக் கம்பெனியை வாங்கியதிலிருந்து அனலாக் டிவைசஸ் கொடுக்கிறது.

லேபில் நாம் இதை எப்படிப் பயன்படுத்துவோம்? ஒரு சைன் அலையை உள்ளே விடுவோம், வரைபடத்தை பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டுவோம், கையெழுத்து வாங்குவோம். கதை முடிந்தது. ஆனால் இதற்குள் சைன் அலைக்குப் பதிலாக ஒரு ஒலிப்பதிவையே ஊற்றலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வோல்டேஜ் சோர்ஸின் மதிப்பு எழுதும் இடத்தில் வேவ் கோப்பின் பெயரையும் சேனல் எண்ணையும் எழுதினால் போதும். வெளியே வருவதை இன்னொரு வேவ் கோப்பாக எழுதச் சொல்லவும் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. அதாவது, இன்னும் பிறக்காத சர்க்யூட்டை ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம்!

இரண்டு விஷயம் மட்டும் கவனம். ஒன்று, கோப்பின் உச்ச ஒலியை அது 1 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் நிஜ மைக் சில மில்லிவோல்ட்தான் தரும் என்றால் அதற்கேற்ப நீங்கள்தான் குறைக்க வேண்டும். வெளியே வருவதும் 1 வோல்ட்டைத் தாண்டினால் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இரண்டு, பொறுமை. 44,100 வேகத்தில் 30 வினாடிப் பாட்டு என்றால் 13,23,000 புள்ளிகள். ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு கேசட்.

மதுராந்தகம் பக்கம் எங்கள் பாட்டி தாலாட்டு பாடுவார். மாமா ஒரு டூ-இன்-ஒன்னில் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டி இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. உறையில் தேதியும் இல்லை. மாமாவைக் கேட்டால் "நீ பொறக்கறதுக்கு முன்னாடிடா" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பாட்டு முழுக்கப் பின்னால் 'உம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம், கரண்டில் சொருகிப் பதிவு செய்ததன் விளைவு. பழைய டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் தேயும். அதனால் ஒரே ஒருமுறை ஓட்டி வேவ் கோப்பாக மாற்றிக்கொண்டேன். இனி என்ன சோதனை செய்தாலும் கேசட்டுக்கு வலிக்காது.

"ஆடாசிட்டியில ரெண்டு க்ளிக்ல முடியறதுக்கு எதுக்குடா சர்க்யூட்?" என்றான் ரூம்மேட். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நிஜ ஃபில்டர் வேண்டும். அதை இந்தக் குரலை வைத்தே சோதித்துவிடலாமே என்று தோன்றியது.

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே ரீங்காரமும் 50-ல் இருக்க வேண்டும், இல்லையா? நாவலூரில் எங்கள் ரூமில் மைக் ஜாக்கில் ஒரு வெறும் ஒயரைச் சொருகிப் பதிவு செய்தேன். 50-ஐ விட்டு நகரவில்லை. (கரண்ட் போய் அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் லிப்ட் கிளம்பினால் கொஞ்சம் சரியும். வேடிக்கையாக இருக்கும் :-)) ஆனால் பாட்டி கேசட்டில் அது 48.2! அதுவும் நிலையாக இல்லை, 48.4 வரை மெல்ல ஏறி இறங்குகிறது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். டேப் மெதுவாக ஓடியிருக்கலாம். அப்படியென்றால் நான் கேட்கிற குரல் பாட்டியின் குரலே இல்லை, சுருதி இறங்கிய குரல். அல்லது டேப் சரியாக ஓடியிருக்கலாம், கரண்டே அன்றைக்கு 48.2 ஆக இருந்திருக்கலாம். எது உண்மை என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. வேகத்தைத் திருத்தினால் பாட்டியின் குரல் மாறிவிடும்.

தீர்ப்புச் சொன்னது சுவர்க்கடிகாரம். பாட்டு நின்று பாட்டி மூச்சு வாங்கும் இடங்களில் 'டிக் டிக்' கேட்கிறது. குவார்ட்ஸ் கடிகாரம் பேட்டரியில் ஓடுவது. ஊர் கரண்ட் எப்படி ஆடினாலும் அதற்குக் கவலையில்லை, வினாடிக்கு ஒரு டிக். டேப் மெதுவாக ஓடியிருந்தால் 100 டிக்குக்கு 103.7 வினாடி ஆக வேண்டும். எண்ணிப் பார்த்தேன். அரை வினாடிகூடப் பிசகவில்லை. குரல் பாட்டியின் குரல்தான்!

அப்படியானால் கரண்ட்? அங்கேதான் நம்ம மாநிலத்தின் வரலாறு வருகிறது. தேவைக்கு ஏற்ற மின் உற்பத்தி இல்லாதபோது ஜெனரேட்டர்கள் திணறி வேகம் குறையும், ஹெர்ட்ஸ் இறங்கும். 90-களில் தென்மண்டல கிரிட் 48.5-க்கும் கீழே அடிக்கடி போய் வந்தது. ஜனவரி 2003-ல் தென்மண்டலத்தில் ஏபிடி என்ற கட்டண முறை வந்தது. ஹெர்ட்ஸ் குறைந்திருக்கும் நேரத்தில் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தால் அதிக விலை. பணம் போகிறது என்றதும் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்மண்டலம் மற்ற இந்தியாவுடன் ஒரே தாளத்தில் இணைந்தது. (அதற்கு முன் தனியாக இருந்ததால்தான் 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை.) இப்போது விதிப்படி 49.90-லிருந்து 50.05-க்குள் நிற்க வேண்டும். ஆக, தேதி எழுதாத கேசட்டுக்கு அந்த ரீங்காரமே ஒரு தேதி மாதிரி. நாள், மாதம் சொல்லாது. ஆனால் 2003-க்கு முந்தையது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இப்போது சர்க்யூட். ட்வின்-டி ஃபில்டர் நம் சிலபஸில் உள்ளதுதான். 33 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட் போட்டால் கணக்கு சரியாக 48.2-ல் வந்து உட்காருகிறது. இரண்டுமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான். வரைபடத்தைப் பார்த்தால் அழகான பள்ளம். ரீங்காரம் காலி. லேபாக இருந்தால் பத்துக்குப் பத்து.

ஆனால் வேவ் கோப்பை வெளியே எடுத்துக் கேட்டால் பாட்டி டெலிபோனில் பாடுகிற மாதிரி இருக்கிறது. காரணம், இந்தப் பள்ளம் ரொம்ப அகலம். 204 ஹெர்ட்ஸில்கூட ஒலி 70 சதவீதமாகக் குறைகிறது. பாட்டியின் குரலுக்கு அடித்தளமே அங்கேதான் இருக்கிறது. ரீங்காரத்தோடு சேர்ந்து குரலின் கனமும் போய்விட்டது. வரைபடத்திலும் இது இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கண்ணுக்கு உறைக்கவில்லை. காதுக்கு முதல் வரியிலேயே உறைத்துவிட்டது.

ஒரு ஆப்-ஆம்ப் வைத்து, வெளியே வருவதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி ஊட்டினால் பள்ளம் குறுகும். அதே 70 சதவீத எல்லை இப்போது 59 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகிறது. குரலைத் தொடாது. ஆனால் குறுகலான பள்ளத்துக்குக் குறி தப்பக் கூடாது. வழக்கப்படி 50-ல் வைத்திருந்தால் ரீங்காரத்தில் நூற்றுக்கு 18 பங்கு மிஞ்சும். 48.2-ல் வைத்தால், 48.4-க்கு நகரும்போதுகூட 2 பங்குதான். கடிகாரத்தை எண்ணியது வீண்போகவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். கடையில் வாங்கும் கெப்பாசிட்டர் 10 சதவீதம் கூடக் குறைய இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி ஓடவிட்டால் ரீங்காரம் மெல்லத் திரும்பி வருகிறது. ஆக, மல்டிமீட்டரில் அளந்து பொறுக்கி எடுத்தால்தான் போர்டில் இதே பலன் கிடைக்கும். இதைப் பத்து ரூபாய் செலவில்லாமல், ஒரு சால்டரிங் வாசனை இல்லாமல் தெரிந்துகொண்டேன்.

ரீங்காரத்தின் மும்மடங்கு, 144.6 ஹெர்ட்ஸில், லேசாக மிச்சம் இருக்கிறது. அதற்கும் இதே மாதிரி ஒரு பள்ளம் தோண்டினால் 176 வரை பாதிக்கும். பாட்டி சுருதி இறக்கிப் பாடுகிற இடங்கள் அதற்குப் பக்கத்தில்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் 'உம்ம்ம்' இருந்தால் இருக்கட்டும்.

அம்மாவுக்கு அனுப்பியது ரீங்காரம் குறைத்த பிரதி. கை வைக்காத மூலக் கோப்பை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து ரீங்காரத்தைத் துடைத்துவிட்டால் அது எந்தக் காலத்துப் பதிவு என்று சொல்ல அந்தக் கேசட்டுக்கு வேறு சாட்சி இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கேசட் கிடக்கும். எடுத்து, ஒரே ஒருமுறை ஓட்டி, கோப்பாக்கி வையுங்கள். ஃபில்டரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.