காற்றடித்தல் என்றொரு வினை

சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிறோம், கால்பந்துக்கும் காற்றடிக்கிறோம். கடலடியில் ஒரு மனிதர் மூச்சுவிடப் போகும் குப்பிக்கும் அதே வினைச்சொல்தான். லோதி ரோட்டில் என்னுடன் தங்கியிருக்கும் நண்பர், அந்தமான் பயணத்துக்கென முக்குளிப்போருக்கான சிறு காற்றுக் குப்பியும் அதை நிரப்பப் பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸரும் வாங்கிவந்தார். பால்கனியிலேயே காற்றடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். மொழியியல் படித்தவன் ஆதலால் நான் அச்சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

அது அரை லிட்டர்க் குப்பி. 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 100 லிட்டர் காற்று கொள்ளும். நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவாகுமெனில் நீர்மட்டத்தில் 5 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால் அதில் பாதி. பதறினால் இன்னும் விரைவில் தீரும். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். பயிற்சியின்றி இதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிரப்புவதிலும் சிக்கல் உண்டு. காற்றை அவ்வளவு இறுக்கும்போது கருவி கடுமையாகச் சூடேறுகிறது. காற்றிலுள்ள ஈரம் நீராகப் பிரிகிறது. அதை வடித்துவிடாவிட்டால் குப்பியின் உட்சுவர் அரிக்கும். பிஸ்டனுக்கு இடும் எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். சந்தையிலுள்ள இத்தகைய சிறு கம்ப்ரஸர்களில் பல ஏர்கன் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. துப்பாக்கிக்கு நுரையீரல் இல்லை.

பேட்டரியில் ஓடுவதால் புகையில்லை என்பது நண்பரின் வாதம். பெட்ரோல் கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் அது மெய்யான நன்மையே. ஆயினும் கருவி உறிஞ்சப் போவது தில்லிக் காற்றை. இதே லோதி ரோட்டில் வானிலைத் துறையின் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் அது காட்டும் எண்களை இங்குள்ளோர் அறிவர். எண்ணெய் ஆவியைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும். வாகனப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. அதற்குத் தனி வினையூக்கி வேண்டும். மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை அவ்வாயுவைப் பத்து லட்சத்தில் 5 பங்குக்குள் கட்டுப்படுத்துகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. ஆழம் கூடக் கூட உடலில் அதன் தாக்கமும் கூடும். பால்கனித் திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

நண்பருக்கு இது விடுமுறை விளையாட்டு. தூத்துக்குடியில் சங்கு குளிப்போருக்கு இதுவே பிழைப்பு. மூச்சடக்கி மூழ்கிய அத்தொழிலில், படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றுப் பெற்று இறங்கும் முறை பிற்பாடு வந்தது. எஞ்சின் புகை வெளியேறும் இடத்துக்கு அருகே கம்ப்ரஸர் காற்றை உள்ளிழுத்தால், காற்றுத் திசை சற்றே திரும்பினாலும் புகை கீழிருப்பவரின் வாய்க்குப் போய்ச் சேரும்.

தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயருண்டு: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. பேச்சொலி பிறக்கும் இடத்தை விளக்கவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் வளியிலிருந்தே தொடங்குகிறார். இத்தனை நுட்பம் கொண்ட மொழியில் டயருக்கும் நெஞ்சுக்கும் ஒரே வினை போதுமா? நான் இனி 'மூச்சுக்காற்று நிரப்புதல்' என்றே எழுதப் போகிறேன். தூத்துக்குடி, கீழக்கரைப் படகுகளில் இதற்கென வழங்கும் சொல்லைக் கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள்.