முதலில் தண்ணீரை ஆற்றுங்கள்

கிரீன் டீ கசக்கிறது, மருந்துபோலக் குடிக்க வேண்டியிருக்கிறது என்று பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் கொதித்ததும் அப்படியே ஊற்றினீர்களா? ஊற்றியிருப்பார்கள். தேத்தண்ணி போட்டுப் பழகிய கை நம்முடையது. கறுப்புத் தேயிலை அந்தச் சூட்டைத் தாங்கும். மிஞ்சிய துவர்ப்பைக் கெட்டிப்பால் அடக்கிவிடும். பச்சைத் தேயிலைக்கு அந்தத் துணை இல்லை.

இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டுக் கறுப்பாக்கினார்கள். பச்சைத் தேயிலையைக் கறுக்க விடுவதில்லை. சீனர்கள் சூடான சட்டியில் வறுத்துவிடுகிறார்கள், ஜப்பானியர்கள் ஆவியில் அவிக்கிறார்கள். அதனால் துவர்ப்புக்குக் காரணமான கேட்டசின் பெரும்பாலும் மாறாமல் இலையிலேயே தங்கிவிடுகிறது. கொதிநீர் பட்டால் அதுவும் காஃபினும் அவசரமாக இறங்கும். இதமான சுவை தரும் தியானினுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும்.

வெப்பமானி வாங்க வேண்டாம். தே தாரேக் கடை அண்ணன்கள் போட்ட தேயை ஆற்றுகிறார்கள். நான் போடுவதற்கு முன்பே தண்ணீரை ஆற்றுகிறேன். கொதித்த நீரைப் பீங்கான் குவளையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவேன். ஒவ்வொரு மாற்றுக்கும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். உயரத் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை, இரண்டு மாற்று போதும்.

ஒரு குவளைக்கு, அதாவது 200 மில்லிக்கு, 2 முதல் 3 கிராம் இலை. பெத்தாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துச் சீனத் தேயிலைக் கடைகளில் லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலையைக் கேட்டு, கொஞ்சமாகவே வாங்குங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் திறந்த பொட்டலம் சீக்கிரம் மணம் இழக்கும்; இறுக மூடும் டின் அவசியம். இரண்டு நிமிடம் ஊறியதும் சொட்டுவிடாமல் வடித்துவிட வேண்டும். நீர் தேங்கினால் அடுத்த சுற்று கெடும். அந்த இரண்டாம் சுற்றுதான் எனக்கு மிகப் பிடித்தது: முதல் வேகம் தணிந்து, இலை முழுதாக விரிந்திருக்கும்.

புழுக்கமான நாள்களில் அடுப்பே வேண்டாம். அதே இலையைக் குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் வைத்தால் கசப்பு குறைந்து தெளிவாக இறங்கும். ஆனால் வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடு குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும்.