செவந்தியின் மூக்குப்பட்டை

எங்கள் வீட்டில் குதிரை இருக்கிறது என்று சொன்னால், பேங்கில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பெட்ரோல் விலைக்குப் பயந்து வாங்கினீங்களா மேடம்?” இரண்டாவது கேள்வி, “கடிக்குமா?” அதன் முகத்தில் கட்டியிருக்கும் வார்களைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் கடந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட விஷயம் அதுதான். நகை எடுக்கப் போகும்போதுகூட இவ்வளவு வாக்குவாதம் நடந்ததில்லை.

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே கூடும் கால்நடைச் சந்தையில் மாடுகளுக்கு ஈடாகக் குதிரைகளும் நிற்கும். கத்தியவார், மார்வாரி, நாட்டுக் குதிரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போன என் கணவர், இரண்டு வயதுச் செவலைக் குட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். பெண் குட்டி. கூட வந்த பெரிய மாமா (என் மாமனாரின் அண்ணன், இளவயதில் ஜட்கா ஓட்டியவர்) அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், காலைத் தடவினார், தலையாட்டினார். அவ்வளவுதான், செவந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலேஜில் படிக்கும் என் மகளுக்குத்தான் அவள். மகள் வார இறுதிகளில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். என்றைக்காவது போட்டியில் இறங்க வேண்டும் என்பது அவள் கனவு. ஆனால் இரண்டு வயதுக் குட்டி மேல் ஏற முடியாது. முதலில் அதற்கு மனிதர்களோடு சேர்ந்து நடக்க, நிற்க, திரும்பக் கற்றுத்தர வேண்டும். அதற்காக ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தோம். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். குதிரை மேல் உட்கார்ந்தால் சிலை மாதிரி உட்காரக்கூடிய மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் முதல் நாள் பையிலிருந்து எடுத்து வைத்த இரும்பைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடிவாளம்தான், ஆனால் வாய்க்குள் போகும் கம்பியில் வரிசையாக முள்.

“இது இருந்தா ஒரே வாரத்துல லைனுக்கு வந்துடும்ங்க” என்றார்.

நான் ஒன்றும் சொல்வதற்குள் பெரிய மாமா பேசிவிட்டார். “அதை உள்ள வைங்க தம்பி. இது குட்டி. வாயை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மூக்கைப் பழக்கோணும்.”

முள் வைத்த கடிவாளத்தை வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு விதிகளே நம் நாட்டில் இருக்கின்றன. பெரிய மாமாவுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. ஜட்காக் குதிரைகளின் வாய்ப்புண்ணைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

மூக்கைப் பழக்குவது என்றதும் மாட்டுக்குக் குத்தும் மூக்கணாங்கயிறு உங்கள் நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. குதிரைக்கு மூக்கில் துளை போடுவதில்லை. மூக்கெலும்பின் மேல் ஒரு பட்டை சுற்றி வரும். பழக்குவதற்கென்றே இருக்கும் பட்டைக்கு கேவசன் என்று பெயர். மெத்தை வைத்த தோல் பட்டை, அதன் முன்பக்கம் மடங்கக்கூடிய உலோகத் தகடு, தகட்டில் மூன்று வளையம். நடு வளையத்தில் நீளமான கயிற்றை மாட்டிக்கொண்டு நாம் நடுவில் நிற்க, குதிரை நம்மைச் சுற்றி வட்டமாக நடக்கும், ஓடும். (அந்தக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் ‘லஞ்ச்’ கயிறு என்று பெயர். பேங்க்காரி வாயால் சொன்னால் வேறு மாதிரி கேட்கும் என்பதால் வட்டக் கயிறு என்றே சொல்லிக்கொள்கிறேன்.) வாய்க்குள் ஒன்றுமே போகாது என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. இங்கிலாந்தில் நியூகாசில் பிரபுவாக இருந்த வில்லியம் காவெண்டிஷ் 1658-இல் வெளியிட்ட குதிரைப் பயிற்சி நூலில் இந்தப் பட்டையைத் தூக்கிவைத்துப் பேசுகிறார். கலிபோர்னியாவின் பழைய மாட்டுக்காரர்கள் பதப்படுத்தாத தோலைப் பின்னி ‘போசால்’ என்ற மூக்கு வளையம் செய்து, அதில்தான் இளம் குதிரையைப் பழக்கினார்கள். பெரிய மாமா இரண்டையும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூவரும் ஒரே கட்சி.

வாங்கப் போனபோதுதான் எத்தனை வகை என்று தெரிந்தது. நைலானில் வருவது விலை குறைவு, கழுவுவது சுலபம். ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் மெத்தை பேருக்குத்தான் இருந்தது. ஸ்பெயின் பாணியில் ‘செரேட்டா’ என்று ஒன்று இருக்கிறது, பட்டையின் உள்பக்கம் ரம்பம் மாதிரி பல் வைத்த இரும்பு. தோல் சுற்றியும் வருமாம். சுற்றினாலும் இரும்பு இரும்புதானே? கடைசியில் கான்பூரில் செய்த தோல் கேவசன் ஒன்றை எடுத்தோம். குதிரைச் சாமான்களில் கான்பூருக்கு உலகம் முழுக்கப் பெயர் உண்டு. மகள் தேர்வு செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது: தகடு தன் உள்ளங்கை வளைவுக்கு மடங்குகிறதா, மெத்தை தகட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வருகிறதா, தாடைக்குக் குறுக்கே போகும் தனி வார் இருக்கிறதா என்று மூன்றை மட்டும் பார்த்தாள். கலரைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. குதிரையின் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு எலும்பு மேடு முன்னோக்கி இறங்கி வரும். கையால் தடவினால் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே பட்டை உட்கார வேண்டும். மேலே ஏறினால் எலும்பு மேட்டில் உரசும். கீழே இறங்கினால் ஆபத்து. அங்கே மூக்கெலும்பு மெலிந்து வெறும் குருத்தாக முடிகிறது. நமக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடலாம். குதிரையால் முடியாது, அதற்கு மூக்கு ஒன்றுதான் வழி. பெரிய மாமா செவந்தியின் மூக்கு நுனியில் என் கையை வைத்து, “அழுத்திப் பாரு அம்மிணி, எப்படி நெகிழுது” என்றார். உண்மையிலேயே காது மடல் மாதிரி இருந்தது.

தாடைக்குக் குறுக்கே போகும் வாரைச் சற்றுப் பிடிப்பாகக் கட்ட வேண்டும். அது தொளதொளவென்று இருந்தால் கயிற்றை இழுக்கும்போது பட்டை முழுவதும் சுழன்று, பக்கவாட்டு வார் கண்ணில் போய் உரசும். மூக்கைச் சுற்றும் பட்டையில் மட்டும் இடம் விட வேண்டும், குதிரை வாயை அசைத்து மெல்லும் அளவுக்கு.

அந்த இடத்தை அளப்பதற்கு இரண்டு விரல் கணக்கு. ஆனால் விரலை எங்கே விடுகிறோம் என்பதில் ஏமாற்றலாம். தாடைக்கு அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பள்ளம் இருக்கிறது. அங்கே விட்டால் எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் விரல் போய்விடும். மூக்கெலும்பின் மேல், நேர் முன்னால் விட்டுப் பார்க்க வேண்டும். வாட்ச் வாரை மணிக்கட்டின் எலும்பில் அளப்பதற்கும் அடியில் அளப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பயிற்சி நன்றாகவே போனது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம், இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. மகள் கையுறை போட்டுக்கொள்வாள்; கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது என்பது பெரிய மாமாவின் கண்டிப்பு. மிரண்டு ஓடினால் கயிறு இறுகி விரலையே எடுத்துவிடும். கயிற்றை இழுப்பதுகூட இல்லை. விரல்களை மூடினால் மூக்கில் லேசாக அழுத்தம், செவந்தி வேகம் குறைத்ததும் விரல்களைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்தத் திறப்பைத்தான் குதிரை பாடமாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது வாரத்தில் “ஹோ” என்ற குரலுக்கே நின்றாள். மாஸ்டரும் வாய்விட்டுப் பாராட்டினார்.

செவந்திக்கு மூன்று வயது நெருங்கும்போது வாயில் சாதாரணக் கடிவாளத்தைப் பழக்க ஆரம்பித்தோம். முள் இல்லாத, வழவழப்பான கம்பி. நான்கைந்து நாளில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. லகானைத் தொட்டாலே வாயை ஆவென்று பிளந்து தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கொள்ளு தின்னும்போதும் பாதியை வெளியே சிந்தினாள்.

மாஸ்டர் தயாராக மருந்து வைத்திருந்தார். பட்டையை இரண்டு துளை இறுக்குவது, அதோடு வாய்க்குக் கீழே இன்னொரு மெல்லிய வார் சேர்த்துக் கட்டுவது. “வாயைத் திறக்க முடியலைன்னா திறக்காதுங்க. போட்டியில எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க, பாப்பாகிட்ட கேளுங்க.”

பாப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். பொய் இல்லை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளை அளந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வை அவளே எனக்குக் காட்டியிருக்கிறாள். இரண்டு விரல் இடம் இருந்தவை 7 சதவீதம். ஒரு விரல் நுழையவும் வழியில்லாமல் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தவை 44 சதவீதம். வாயைத் திறந்தால் நடுவர் மதிப்பெண் குறைப்பார், அதனால் வாயைப் பூட்டிவிடுவது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2025-இல்தான் அதிகாரிகளின் விரல் கணக்கை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது.

அன்று நான் இறுக்க விடவில்லை. எனக்குக் குதிரையைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். சோற்றைத் துப்பும் குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்போமே தவிர, வாயைக் கட்டுவோமா? “டாக்டர் வந்து பாக்கட்டும் மாஸ்டர். அதுவரைக்கும் கடிவாளம் வேண்டாம்” என்றேன். மாஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. ஒரு வாரம் வீணாகும் என்றார், பெண்பிள்ளைகள் செல்லம் கொடுத்தே குதிரையைக் கெடுப்பார்கள் என்றார். கணவர் குறுக்கே வந்து மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கால்நடை டாக்டர் மறுநாள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். செவந்தியின் நாக்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கன்னத்துக்குள் பார்த்தார். “பால்பல் விழற வயசும்மா இது” என்றார். குதிரைக்குக் கடைவாயின் முதல் பால்பல் இரண்டரை வயதிலும் அடுத்தது மூன்று வயதிலும் கடைசியானது நான்கு வயதிலும் விழும். கீழிருந்து புதுப்பல் தள்ள, பழைய பல் அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். செவந்திக்கு வலப்பக்கம் ஒரு தொப்பி பாதி கழன்று ஈறில் குத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கன்னத்தின் உள்தோலில் ஒரு சின்னப் புண். குதிரைக்கு மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். மேல்பற்களின் வெளிவிளிம்பு தேய்ந்து தேய்ந்து கத்தி மாதிரி கூராகும். பட்டையை இறுக்கினால் கன்னம் அந்த விளிம்பில்தான் போய் அழுந்தும். மாஸ்டர் சொன்ன இரண்டு துளையை இறுக்கியிருந்தால், செவந்தி வாயை மூடிக்கொண்டு வலியோடு வட்டமடித்திருப்பாள். நாங்களும் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்போம். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

தொப்பியை டாக்டர் குறடால் ஒரு திருப்புத் திருப்பி எடுத்துவிட்டார், கூர்விளிம்புகளை அரத்தால் ராவினார். இரண்டு வாரம் வாயில் எதுவும் வேண்டாம் என்றார். மகள் அந்தப் பல்லைக் கழுவித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்த இரண்டு வாரமும் கேவசனிலேயே வேலை நடந்தது. ஒரு நாளும் வீணாகவில்லை. பிறகு கடிவாளம் போட்டபோது செவந்தி அதை மென்றாள், உதட்டோரம் நுரை வந்தது, வாயைப் பிளக்கவில்லை. மாஸ்டர் இப்போதும் வருகிறார். அந்த மெல்லிய வாரைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. மகள்தான் ஒரு நாள் என்னிடம், போட்டிக்குப் போனாலும் பட்டையில் இரண்டு விரல் இடம் விட்டுத்தான் கட்டுவேன், மார்க் போனால் போகட்டும் என்றாள். போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். பார்ப்போம், போட்டிக்களத்தின் வாசலில் நின்று சொல்வது வேறு.

குட்டி வளர்வதால் பட்டையின் துளை மாதாமாதம் மாறுகிறது. லாயத்தின் சுவரில் மகள் சாக்பீஸால் தேதியும் துளை எண்ணும் எழுதி வைக்கிறாள். பால் கணக்கு மாதிரி இருக்கிறது. வியர்வை உப்புப் படிந்தால் தோல் விறைத்து உரச ஆரம்பிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுவது என் கணவரின் பொறுப்பு. அடுத்த தொப்பி நான்கு வயதில். டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.