பச்சை படிந்த பீரங்கி

தீபாவளிக்கு வாங்கும் கேப் துப்பாக்கிதான் நாங்கள் அறிந்த துப்பாக்கி. கௌபாய் படம் பார்த்துவிட்டு வந்த சாயங்காலங்களில், கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து இழுத்துச் சுடுவோம். ஒவ்வொரு குண்டுக்கும் அப்படி இழுத்தாக வேண்டிய ரிவால்வர்களில் பேர்போனது 1873-இல் வந்த கோல்ட் என்பது பின்னாளில் தெரிந்தது. அசல் துப்பாக்கியை எங்கே பார்ப்பது? துப்பாக்கியோடு குற்றம் செய்தால் கடும் தண்டனை என்று மலேசியாவில் 1971-இலேயே சட்டம் வந்துவிட்டது. பினாங்கில் நாங்கள் கையால் தொட்டுப் பார்த்த ஒரே நிஜ ஆயுதம், கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலைப் பார்த்துக் கிடக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி.

என்னை அங்கே கூட்டிப்போனது அத்தை. பிள்ளை இல்லாத பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொண்டால் வயிறு திறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கோயிலுக்குக் கட்டிய சரத்தில் கொஞ்சம் கிள்ளி, இலையில் சுற்றி எடுத்து வருவார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டி, குழாயின் வாய்க்குள் வைப்பார். பூ வைத்த பிறகும் கையை உடனே எடுக்கமாட்டார்.

மாமாவுக்குப் பித்தளை, வெண்கலப் பாத்திரம் துலக்கி ஈயம் பூசும் தொழில். அவர் உலோகத்தைத்தான் பார்ப்பார். டால்பின் வடிவக் கைப்பிடிகளைத் தடவி, "என்னமா வார்த்திருக்கான்!" என்பார். 1603-இல் ஹாலந்தில் வார்த்த பீரங்கி அது. டச்சுக்காரர்கள் ஜோகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள். 1613-இல் ஜோகூரைத் தாக்கிய அச்சே படை அள்ளிக்கொண்டு போனது. அந்த வெற்றியைச் சொல்லும் எழுத்து குழாயிலேயே இருக்கிறது. பிறகு சிலாங்கூருக்குப் போய், 1871-இல் ஆங்கிலேயர் கையில் சிக்கி பினாங்குக்கு வந்து, கிட்டத்தட்டப் பத்தாண்டு கடலடியில் கிடந்தது. இளவரசர் துங்கு குடின் ஒரு நூலைக் கட்டி "வா" என்றதும் கரையேறி வந்ததாம். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மாமா குரலைத் தாழ்த்துவார்.

"மாமா, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமா?"

"ஆயிடும் மருமவனே. அப்புறம் இது நேத்து வார்த்த பீரங்கி. அந்தப் பச்சைதான் அதுக்குத் தோல்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது வளர்ந்து படித்தபோது புரிந்தது. வெண்கலத்தில் உள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. கெட்டியாகப் படிந்துவிட்டால் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். உப்புத்தண்ணீரில் ஊறிய வெண்கலத்துக்கு வேறொரு நோய் உண்டு. உள்ளே தங்கிய குளோரைடு ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கும். அதைத் தேய்த்துத் தீர்க்க முடியாது. உப்பைப் பொறுமையாக வெளியேற்றி, உலர்த்தி, மெழுகு பூச வேண்டும். பழைய கோல்ட் ரிவால்வர் சேர்ப்பவர்களும் தேய்க்காதே என்றுதான் சொல்கிறார்கள். மங்கிப்போன அசல் நீலப் பூச்சும், தேய்ந்த கைப்பிடியும், அழியாத வரிசை எண்ணும் இருந்தால் விலை. தேய்த்து மெருகேற்றிப் புதுப் பூச்சு ஏற்றினால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கி, விலையும் சரிந்துவிடும். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றலாம், துருவை எண்ணெய் விட்டு நிறுத்தலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானதிலிருந்து பழைய கட்டடம் எதைப் புதுப்பித்தாலும், என் கண் முதலில் அதன் மேற்பரப்பைத்தான் தேடுகிறது.

பழைய மேற்பரப்பில் கை வைக்காமல் விடுவதைக் கடையில் மாமா தொழிலாகவே கடைப்பிடித்தார். உபயதாரர் பேர் வெட்டிய பழைய குத்துவிளக்கு வந்தால் தண்டையும் தட்டையும் புளி போட்டுத் துலக்குவார். எழுத்து இருக்கும் இடத்தை ஈரத் துணியால் ஒற்றுவதோடு சரி. அங்கே மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டு வந்தவர்களிடம், "அது உங்க தாத்தா பேருங்க, நான் தேய்க்கமாட்டேன்" என்று சொல்லி, அந்தக் கூலியைக் கழித்துக்கொள்வார்.